பாஸே மலைக்கோயிலுக்குப் போகிறீர்களா? லண்டனில் தொடங்குங்கள்

கிரீஸின் தெற்கே பெலொப்பனீஸ் மலைகளுக்குள், 1,131 மீட்டர் உயரத்தில் கிரேக்கக் கடவுள் அப்பல்லோவுக்கு ஒரு கோயில் இருக்கிறது. ஊர்ப் பெயர் பாஸே. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கட்டியது. 1986-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஏதென்ஸ் அக்ரோபொலிஸுக்கே ஒரு வருடம் முந்தி. இப்படிப்பட்ட இடத்துக்குப் போய்வருவதைப் பற்றித் தமிழில் தேடினேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. தட்டுத்தடுமாறிப் போய்வந்தேன். விசாவை வரிசை மாற்றி எடுத்தேன், தப்பான கார்டோடு கார் வாடகைக்குப் போய் நின்றேன், வரைபடம் இல்லாமல் கோயிலைப் பார்த்தேன். இதில் எதையும் நீங்கள் செய்ய வேண்டாம்.

ஜூலியஸ் சீசர் காலத்திலிருந்து கதை சொல்லப் போவதில்லை. காகிதம், பணம், நேரம், அப்புறம் அங்கே நின்று எதைப் பார்ப்பது, அவ்வளவுதான்.

1. கூடாரத்துக்கு மனதைத் தயார் செய்யுங்கள்

நீல வானம், பின்னால் மலை, நடுவில் சாம்பல் நிறத் தூண்கள் என்று ஒரு படத்தைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் ஆசை வருகிறது. அந்தப் படம் 1987-க்கு முந்தியது. அந்த வருடம் கோயில் முழுவதையும் மூடி ஒரு பெரிய வெள்ளைக் கூடாரம் போட்டார்கள். இரும்புக் கம்பங்கள், தரையில் அறைந்து இழுத்துக் கட்டிய கம்பிகள், மேலே துணி. சாலை வளைவில் திரும்பியதும் உங்களுக்குத் தெரிவது கோயில் அல்ல, மலை மேல் இறங்கிய சர்க்கஸ்.

காரணம் நியாயமானதுதான். கோயில் கட்டிய கல் அதே மலையில் வெட்டிய சுண்ணாம்புக்கல். ஏடு ஏடாகப் பிளக்கும். விரிசலில் மழைநீர் இறங்கி, குளிர்காலத்தில் உறைந்து, உப்பிக் கல்லைப் பெயர்க்கிறது. சீரமைப்பு முடியும்வரை குடை பிடித்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தைக் கழற்றி, கல்லைத் தேற்றி, மறுபடி அடுக்கி, பிறகு அடுத்த பக்கம் என்று வேலை நடக்கிற இடம் அது. சாரமும் இரும்புச் சட்டங்களும் கண்ணில் படும்.

முகப்புப் படம் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் போகாதீர்கள், உண்மையாகவே சொல்கிறேன். கடலோரச் சூனியன் முனைக் கோயிலோ டெல்பியோ போதும். கட்டடத்தை அருகில் நின்று வாசிக்க ஆசை இருந்தால், கூடாரம் ஒருவகையில் வசதி. வெயில் இல்லை, கண் கூசுவதில்லை, எல்லாத் தூண் மேலும் ஒரே மாதிரி மெல்லிய வெளிச்சம்.

2. முதலில் லண்டன், பிறகு கிரீஸ்

இந்தக் கோயில் இரண்டு நாடுகளில் இருக்கிறது. எலும்புக்கூடு மலையில். உள்ளே சுவரின் உச்சியைச் சுற்றி ஓடிய சிற்பப் பட்டை, 23 பலகைகள், மொத்தம் 31 மீட்டர் நீளம், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். 1811-12-இல் தோண்டி எடுத்து, 1814-இல் ஸாகிந்தோஸ் தீவில் ஏலத்தில் விற்றார்கள்; வாங்கியவர்கள் பிரிட்டிஷார்.

நான் முதலில் கிரீஸ் போனேன். கோயிலைப் பார்த்துவிட்டு லண்டன், அங்கிருந்து ஏதென்ஸ் திரும்பிச் சென்னை என்று டிக்கெட். என் ஷெங்கன் விசா (கிரீஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது, பிரிட்டன் அதில் இல்லை) ஒருமுறை நுழைவு மட்டும். லண்டன் போனதும் அந்த ஒருமுறை தீர்ந்துவிட்டது என்று எனக்கு உறைக்கவே இல்லை. திரும்பும் நாளில் செக்-இன் மேசையில் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கே லண்டனிலிருந்து நேராகச் சென்னைக்குப் புது டிக்கெட். அந்தப் பணத்தில் இன்னொரு முறை கிரீஸ் போயிருக்கலாம்.

நீங்கள் சென்னை–லண்டன்–ஏதென்ஸ்–சென்னை என்று போடுங்கள். ஒருமுறை நுழைவு விசாவே போதும். கண்ணுக்கும் இதுதான் நல்ல வரிசை. சிற்பத்தைப் பார்த்துவிட்டு மலைக்குப் போனால், அங்கே காலியாக இருக்கும் இடம் எதன் இடம் என்று தெரியும். தலைகீழாகப் போனால் மலையில் வெறும் தூண்களை எண்ணிக்கொண்டு நிற்பீர்கள்.

லண்டன் வேண்டாம், செலவு தாங்காது என்றால் இந்தப் படியை விட்டுவிடலாம். அருங்காட்சியகம் தன் இணையதளத்தில் பலகைகளின் படங்களை வைத்திருக்கிறது. போவதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள்.

3. விசாக் காகிதங்கள்

இரண்டு நாட்டுக்கும் தனித்தனி விசா. ஷெங்கன் விசா பிரிட்டனுக்குச் செல்லாது, பிரிட்டன் விசா கிரீஸுக்குச் செல்லாது. ஒரு விண்ணப்பம் நடக்கும்போது பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருக்கும், இன்னொன்றுக்குப் போட முடியாது. இந்தப் பொறியில்தான் பெரும்பாலானவர்கள் நேரத்தை இழக்கிறார்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். பிரிட்டன் விசாவுக்கு 3 மாதம் முன்புதான் கதவு திறக்கும். ஆகவே ஷெங்கனை முதலில் முடியுங்கள். செப்டம்பரில் பயணம் என்றால் ஏப்ரல், மே மாதத்தில் கிரீஸ். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஜூன் கடைசியில் பிரிட்டன். கிரீஸ் முடிவுக்கு விதிப்படி 15 நாள், பிரிட்டனுக்குச் சாதாரணமாக 3 வாரம். கோடையில் நேர்முக நாள் கிடைப்பதே பெரும்பாடு. அந்தக் காத்திருப்பு இந்தக் கணக்கில் இல்லை.

கிரீஸ் விசாவுக்கு நான் கொண்டுபோனவை: திரும்பிய பிறகும் 3 மாதம் செல்லுபடியாகும், 10 வருடத்துக்குள் வாங்கிய, இரண்டு பக்கமாவது காலியான பாஸ்போர்ட், விண்ணப்பப் படிவம், புகைப்படம், விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்குப் பயணக் காப்பீடு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. படி எடுக்க, குறுஞ்செய்தி வர, சோபாவில் உட்கார என்று அங்கே விற்கும் கூடுதல் எதுவும் கட்டாயமில்லை. சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லலாம்.

முகப்புக் கடிதத்தில் கொஞ்சம் கவனம் செலுத்துங்கள். சந்தொரினி, மிகோனோஸ் என்று எழுதும் கூட்டத்தில் நீங்கள் மட்டும் ஆந்த்ரித்சேனா என்ற மலைக்கிராமத்தில் இரண்டு இரவு என்று எழுதினால் படிப்பவர் புருவத்தை உயர்த்துவார். எதற்குப் போகிறீர்கள் என்று நான்கு வரி. லண்டனிலிருந்துதான் உள்ளே வருகிறேன் என்பதையும் எழுதிவிடுங்கள். வேறு ஷெங்கன் நாடும் சேர்ந்திருந்தால், அதிக நாள் தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில்.

விசா வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் வாங்காதீர்கள்.

4. எந்த மாதம், எந்த நாள்

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் கீழே சமவெளி கொதிக்கும், மலை பரவாயில்லை. குளிர்காலத்தில் பனி விழும். அந்தச் சாலையில் பனியில் ஓட்டிப் பழக்கமில்லாத நாம் போகவே கூடாது. மே மாதத்திலும் காற்று சில்லென்று அடிக்கும், ஒரு ஜாக்கெட் இருக்கட்டும்.

தொல்லியல் இடங்கள் பொதுவாக மூடும் நாட்கள்: ஜனவரி 1, மார்ச் 25, கிரேக்க ஈஸ்டர் ஞாயிறு, மே 1, டிசம்பர் 25, 26. கிரேக்க ஈஸ்டர் நம் காலண்டரில் இருக்கும் ஈஸ்டர் அல்ல. பல வருடங்களில் வேறு தேதியில் வரும். அக்டோபர் 28 தேசிய நாள், நுழைவு இலவசம். கோடையில் மாலைவரை திறந்திருக்கும், குளிர்காலத்தில் மதியத்தோடு சரி.

நுழைவுக் கட்டணத்தை அரசின் டிக்கெட் தளத்தில் கிளம்பும் வாரம் பாருங்கள். 2025 ஏப்ரலில் கிரீஸ் முழுக்கக் கட்டணங்களை மாற்றினார்கள். பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் தொகையை நம்பிச் சில்லறை எண்ணிக்கொண்டு போக வேண்டாம்.

5. கார், உரிமம், கார்டு

ஆந்த்ரித்சேனாவிலிருந்து கோயில் 14 கிலோமீட்டர். ஊர்வரை எப்படியோ பேருந்தில் வந்துவிட்டாலும், கோயில்வரை பேருந்து கிடையாது. ஊரில் டாக்ஸி பேசலாம். பேசினால் போக, காத்திருக்க, திரும்ப மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாக முன்பே பேசிவிடுங்கள். காத்திருக்கும் நேரம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் இருபது நிமிடத்தில் ஹாரன் அடிப்பார்.

மற்றபடி வாடகைக் கார்தான். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எடுக்க வேண்டும், கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு மூல உரிமத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்த ஒருவரை வாடகை மேசையில் பார்த்தேன். இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

என் கதை வேறு. டெபிட் கார்டு நீட்டினேன். முன்வைப்புத் தொகையைப் பிடித்துவைக்க ஓட்டுநர் பெயரில் கிரெடிட் கார்டுதான் வேண்டும் என்றார்கள். முன்பதிவில் எங்கோ பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. நல்லவேளை தங்கையிடம் கிரெடிட் கார்டு இருந்தது, ஆனால் அவளுக்கு உரிமம் இல்லை. அரைநாள் போய், வேறு கடையில் கூடுதல் காப்பீடு வாங்கி வண்டி எடுத்தோம். உங்கள் கார்டின் வெளிநாட்டு வரம்பையும் வங்கிச் செயலியில் முன்பே திறந்துவைத்துவிடுங்கள்.

மலிவான வண்டிகள் கையால் கியர் மாற்றுபவை. ஸ்டியரிங் இடது பக்கம், சாலையில் வலது பக்கம், கியர் வலது கையில். முதல் நாளே மலையேற வேண்டாம்.

6. வழி

ஏதென்ஸிலிருந்து கொரிந்த், திரிப்போலி, மெகலோப்போலி வரை நல்ல நெடுஞ்சாலை. வழியில் பல சுங்கச்சாவடிகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும். மெகலோப்போலியில் பெட்ரோல் நிரப்புங்கள், கொஞ்சம் ரொக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் விலை நம் ஊர் விலையைவிட நன்றாகவே அதிகம். அதற்கப்புறம் சாலை சுருங்கி வளைய ஆரம்பிக்கும். கரித்தேனா என்ற கோட்டை ஊர் குன்றின் மேல் தெரியும். யூரோ வருவதற்கு முன் இருந்த 5,000 திராக்மா நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது அந்தக் காட்சிதான். பத்து நிமிடம் நிறுத்தலாம்.

ஆந்த்ரித்சேனாவுக்கு மொத்தம் மூன்று, மூன்றரை மணி நேரம். செல்பேசி வரைபடம் குறைத்துச் சொல்லும்; அதற்கு ஆடுகளைத் தெரியாது. ஒரே நாளில் ஏதென்ஸிலிருந்து போய்த் திரும்பலாம் என்பார்கள். திரும்பலாம். இருட்டில், மலைச் சாலையில், தூக்கக் கலக்கத்தில். ஒரு இரவாவது ஆந்த்ரித்சேனாவில் தங்குங்கள்.

பெயர்க் குழப்பம் மூன்று உண்டு. பாஸே என்று நாம் படிப்பதை அங்கே "வாசே", "வாசெஸ்" என்பார்கள், வழிப்பலகையிலும் அப்படித்தான். அப்பல்லோ கோயில் என்று மட்டும் வரைபடத்தில் தட்டினால் டெல்பிக்கோ கொரிந்துக்கோ இழுத்துக்கொண்டு போகும். எபிக்கூரியோஸ் அப்பல்லோ என்று முழுதாகத் தேடுங்கள். கோயிலைக் கட்டியவர்கள் ஃபிகாலியா ஊர்க்காரர்கள் என்பதால் சிலர் ஃபிகாலியா கிராமத்தைத் தேடிப் போகிறார்கள்; அது வேறு இடம், கோயிலைத் தாண்டிக் கீழே. தத்துவஞானி எபிக்யூரஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எபிக்கூரியோஸ் என்றால் துணைக்கு வருபவர். கொள்ளைநோயிலிருந்து காத்ததால் வந்த பெயர் என்று 2-ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசானியாஸ் எழுதியிருக்கிறார்.

7. லண்டனில் ஒரு மணி நேரம்

அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை, நேரத்தை மட்டும் இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். நீங்கள் தேடுவது 16-ஆம் அறை. எல்லோரும் ஏதென்ஸ் பார்த்தனன் கோயிலின் சிற்பங்களை நோக்கி ஓடும்போது நீங்கள் 17-ஆம் அறைப் பக்கம் ஒதுங்கிப் படியேற வேண்டும். சில அறைகளைச் சில நாட்களில் பூட்டிவிடுவார்கள். அன்று காலையே இணையதளத்தில் மூடிய அறைகளின் பட்டியலைப் பாருங்கள், இதற்காகவே லண்டனில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு சுவரிலும் பலகைகள் உள்நோக்கி ஓடுகின்றன, கோயிலில் ஓடியது போலவே. 12 பலகைகளில் கிரேக்கர்களும் புராணத்துப் போர்வீராங்கனைகளான அமேசான் பெண்களும், 11-இல் லாபித்துகள் என்ற புராண இனத்தாரும் பாதி மனிதன் பாதி குதிரையான கெந்தவுர்களும் மோதுகிறார்கள். துணி முறுக்குகிறது, முடியைப் பிடித்து இழுக்கிறார்கள், ஒருவன் இன்னொருவனைக் கடிக்கிறான். பார்த்தனனின் அமைதி இங்கே இல்லை. சிலர் இதை முரட்டு வேலை என்பார்கள். எனக்கு இதுதான் பிடித்தது. பலகைகள் தரையில் சிதறிக் கிடந்துதான் கிடைத்தன, அதனால் எது எதற்கு அடுத்தது என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். காட்சியில் இருக்கும் வரிசையைக் கல்மேல் எழுத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

8. கூடாரத்துக்குள்

கோயிலின் தரைவரைபடம் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு போங்கள். இதைவிட முக்கியமான காகிதம் இந்தப் பயணத்தில் இல்லை, விசாவைத் தவிர. படிக்கட்டு மேலே ஏற முடியாது, சுற்றி நடந்துதான் பார்க்க வேண்டும். வரைபடம் இல்லாமல் உள்ளே கிடக்கும் கல் எல்லாம் வெறும் கல்.

வடக்கு முகப்பில் தொடங்குங்கள். கிரேக்கக் கோயில்கள் பெரும்பாலும் நம்முடையவை போலவே கிழக்கு பார்க்கும். இது வடக்கு பார்க்கிறது. முகப்பில் 6 தூண், பக்கவாட்டில் 15. மூலைத் தூணை இரண்டு முறை எண்ணக் கூடாது, மொத்தம் 38. அந்தக் காலத்துக்கு வழக்கம் 6-க்கு 13. ஏறக்குறைய 14.5 மீட்டர் அகலத்துக்கு 38 மீட்டர் நீளம். அந்த இழுத்த உடம்பைக் கண்ணால் உணரவே மூலையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆறு மீட்டர் உயரத்துக்குச் சற்றுக் குறைவான இந்த வெளித்தூண்கள் டோரிக் பாணி. அடிப்பீடம் கிடையாது, தரையிலிருந்தே எழும்.

அப்புறம் கிழக்குப் பக்கமாக நடந்து, தூண்களுக்கு இடையில் உள்ளே எட்டிப் பாருங்கள். கருவறையின் இரு சுவரிலிருந்தும் குட்டிச் சுவர்கள் உள்நோக்கி நீள்கின்றன, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு அரைத்தூண். பக்கத்துக்கு ஐந்து. இவை அயோனிக் பாணி. இப்போது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அடிப்பாகங்கள்தான், ஆனால் அந்த அடிப்பீடங்களின் விரிவைப் பாருங்கள், பாவாடை சுழன்றது போல் அகன்றிருக்கும். நான்கு ஜோடி நேராக நீள, தெற்குக் கோடியில் இருக்கும் கடைசி ஜோடி மட்டும் 45 பாகையில் மூலைவாட்டாகத் திரும்புகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே, கோயிலின் நட்டநடுக் கோட்டில், ஒரே ஒரு தூண் தனியாக நின்றது. அதன் தலையில் இலைகள் செதுக்கியிருந்தார்கள். நமக்குத் தெரிந்த முதல் கொரிந்தியன் தூண்தலை அது. கண்டெடுத்த பிறகு உடைந்துபோயிற்று. 1811-12 குழுவில் இருந்த ஹாலர் என்ற ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் வரைந்து வைத்ததால்தான் உருவம் தெரிகிறது. பின்னாளில் ரோமானியர்கள் ஊர் ஊராகக் கட்டிய இலைத்தூண்களின் மூதாதை, இந்த ஆட்டிடையர் மலையில்.

டோரிக், அயோனிக், கொரிந்தியன் மூன்றும் ஒரே கட்டடத்தில். வெளியிலிருந்து உள்ளே, உள்ளிலிருந்து ஆழத்துக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வைத்த விதம்தான் அழகு.

அந்தத் தனித்தூணுக்குப் பின்னால் ஒரு சிறு உள்ளறை. அதற்குக் கிழக்குச் சுவரில் தனிக் கதவு. இதை விட்டுவிட்டு வந்தவர்கள் அதிகம், நான் முதல் சுற்றில் விட்டவன். வடக்கு பார்த்த கோயிலுக்குள் காலை வெயில் வர வழி அந்தக் கதவு. இப்போது கூடாரத் துணி குறுக்கே இருக்கிறது, நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு அதே இடத்தில் நின்று, உள் அரைத்தூண்களுக்கு மேலே, ஒன்றுமில்லாத காற்றைப் பாருங்கள். லண்டனில் கண்மட்டத்துக்குக் கிட்டத்தில் பார்த்த அந்தச் சண்டை முழுக்க அங்கேதான், தலைக்கு மேலே உயரத்தில், அரைகுறை வெளிச்சத்தில், நான்கு பக்கமும் சுற்றி ஓடியது. வெளிச்சுவரில் ஊருக்குக் காட்டுவதை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

கட்டியவர் பார்த்தனனைக் கட்டிய இக்தினோஸ் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அப்படிச் சொன்னது பௌசானியாஸ், கோயில் எழுந்து ஐந்நூறு வருடத்துக்கு மேல் கழித்து. ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. அவர் இன்னொன்றும் எழுதினார்: பெலொப்பனீஸ் கோயில்களில் தெகியா ஊர்க் கோயிலுக்கு அடுத்து, கல்லின் அழகிலும் அளவின் பொருத்தத்திலும் இதுவே சிறந்தது. அதில் எனக்கு வாதமில்லை.

9. சில்லறைக் குறிப்புகள்

தண்ணீரும் தின்பண்டமும் ஆந்த்ரித்சேனாவிலேயே வாங்கிவிடுங்கள், மேலே கடையை நம்ப வேண்டாம். தரை கரடுமுரடு, செருப்பு வேண்டாம். செல்பேசியில் படம் எடுக்கத் தடையில்லை; முக்காலி வைக்கவும் ட்ரோன் பறக்கவிடவும் முன் அனுமதி வேண்டும். கூடாரத்துக்குள் பின்னால் நகர இடம் குறைவு, அகலக்கோண லென்ஸ் இருந்தால்தான் முகப்பு முழுக்க அடங்கும். காற்று பலமாக இருந்தால் துணி படபடவென்று அடித்து, கம்பிகள் முனகும். முதல் தடவை கேட்டபோது என் தங்கை வெளியே ஓடிவிட்டாள்.

கிளம்பும்போது வந்த வழியே ஏதென்ஸுக்குத் திரும்பாமல் கிரெஸ்தெனா வழியாக மேற்கே இறங்கினால் ஒலிம்பியா. ஒன்றரை, இரண்டு மணி நேரம். அங்கே கிரேக்கத் தலைமைக் கடவுள் ஜீயஸின் கோயில் தூண்கள் நிலநடுக்கத்தில் விழுந்து, வெட்டி அடுக்கிய வாழைத்தண்டு போல் தரையில் கிடக்கின்றன. பாஸேயில் நிற்கும் தூண்களைப் பார்த்த அதே நாளில் அதையும் பாருங்கள்.